தோளில் நிற்காத சட்டை

ஓர் ஆம்பிளையை எதிரில் நிறுத்தினால் போதும், அவருடைய சட்டை அளவைச் சொல்லிவிடுவேன். டேப் வேண்டாம். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன். கல்யாணத்துக்கு முன்னால் ஐந்து வருடம் விருதுநகரில் ஒரு ரெடிமேடு சட்டைக் கம்பெனியில் செக்கிங் மேசையில் நின்றவள் நான். தைத்து முடித்த சட்டை ஒவ்வொன்றும் என் கையைத் தாண்டித்தான் பெட்டிக்குள் போகும். காலர், தோள், கை நீளம் எல்லாம் அளந்துவிட்டுக் கடைசியில் ஆறு பட்டனையும் ஒவ்வொன்றாகப் பிடித்து இழுத்துப் பார்க்க வேண்டும். ஒரு பட்டன் ஆடினாலும் சட்டையைத் திருப்பி வீசிவிடுவேன். தையல் மெஷினில் இருந்த பெண்களுக்கு என்னைக் கண்டாலே ஆகாது. "பட்டன்பிடுங்கி வர்றாடி" என்று என் காதில் விழும்படியே சொல்வார்கள். சொல்லட்டுமே. தப்பாகத் தைத்தது அவர்கள்தானே?

சட்டையில் முதலில் பார்க்க வேண்டியது தோள். நெஞ்சும் வயிறும் அப்புறம். கையும் உடம்பும் சேருகிற தையல், தோள் எலும்பின் முனையில் வந்து உட்கார வேண்டும். அது கைச்சதைக்கு இறங்கித் தொங்கினால் சட்டை பெரிது, கழுத்துப் பக்கம் ஏறினால் சிறிது. காலர் பட்டனைப் போட்ட பிறகு உள்ளே இரண்டு விரல் நுழைய வேண்டும். விலாப்பக்கம் ஒரு பிடி துணி கையில் வர வேண்டும். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. லூஸாகத் தைத்த சட்டை வேறு, பெரிய சைஸ் சட்டை வேறு. லூஸ் சட்டையில் தோள் சரியாக நிற்கும், உடம்பு மட்டும் தாராளமாக இருக்கும். போட்டிருப்பவர் விரும்பித்தான் போட்டிருக்கிறார் என்று பார்த்தாலே தெரியும். பெரிய சைஸில் தோளும் இறங்கிக் கையும் இறங்கி, அண்ணன் சட்டையைத் தம்பி மாட்டிக்கொண்டு வந்த மாதிரி இருக்கும்.

என்னைப் பெண் பார்க்க வந்தவர் அப்படித்தான் வந்தார்.

செல்போன் தெருவுக்கு ஒருவர் கையில் வரத் தொடங்கியிருந்த காலம் அது. காபி டம்ளரை நீட்டும்போது எல்லாப் பெண்களும் மாப்பிள்ளை முகத்தைத்தான் ஓரக்கண்ணால் பார்ப்பார்கள். நான் தோளைப் பார்த்தேன். தையல் பாதிக் கைக்கு இறங்கிக் கிடந்தது. முப்பத்தெட்டு உடம்பு, நாற்பத்து நான்கு சட்டை! எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. அவர் நிமிர்ந்து பார்த்தார். எதற்குச் சிரிக்கிறேன் என்று தெரியாமலேயே அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பில்தான் விழுந்தேன். வேறு காரணம் எதுவும் இல்லை.

அம்மாவுக்கு ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. தரகரைப் பார்த்து, "மாப்பிள்ளைக்கு மருந்து ரூம்பு வேலை இல்லையே?" என்று கேட்டார். பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்தைச் சலித்துக் கலக்குகிற தனி அறைக்குத்தான் மருந்து ரூம் என்று பேர். அங்கே வேலை பார்க்கிறவருக்கு எங்கள் பக்கம் லேசில் பெண் கொடுக்க மாட்டார்கள்.

"சே சே, பேக்கிங்குல இருக்காக. அட்டைப்பெட்டியில அடுக்குற வேலை. காத்தாட நிக்கலாம்" என்றார் தரகர்.

மாப்பிள்ளை காபி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். கூச்ச சுபாவம் என்று எல்லாரும் நினைத்தோம்.

மாப்பிள்ளைக்குத் துணி எடுப்பது பெண் வீட்டார் பாடு. அளவு கேட்டு ஆள் விட்டால், "நாப்பத்திநாலு" என்று பதில் வந்தது. நான் முப்பத்தெட்டுதான் எடுப்பேன் என்று கடையிலேயே ஒற்றைக்காலில் நின்றேன். "அளவு தப்பாப் போச்சுன்னா சபையில சிரிப்பாச் சிரிப்பாகடி" என்று அம்மா பதறினார். நான் எடுத்த சட்டை கல்யாணத்தன்று அவர் உடம்பில் வார்த்த மாதிரி உட்கார்ந்தது. ஆள் பாதி, ஆடை பாதி என்று சும்மாவா சொன்னார்கள்? அவருடைய சொந்தக்காரர்களே, "அடேயப்பா, நம்ம பய தானா இது" என்று கேட்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. எல்லா வினையும் அங்கிருந்துதான் தொடங்கியது.

திருத்தங்கலில், சுவரோடு சுவர் ஒட்டி வரிசையாகக் கட்டிய பத்தி வீடு ஒன்றில் குடித்தனம். விடிவதற்கு முன்னால் கம்பெனி வேன் வந்து அவரை ஏற்றிக்கொண்டு போகும். மதியத்துக்கு மேல் திரும்புவார், அதுவும் பளிச்சென்று. கம்பெனித் தொட்டியிலேயே குளித்து, சட்டையையும் அலசி, வெயிலில் காயப்போட்டு அதையே போட்டுக்கொண்டு வருவார். எவ்வளவு சுத்தமான மனுஷன், பெண்டாட்டிக்குத் துவைக்கிற வேலை வைக்காத மனுஷன் என்று அம்மாவிடம் பீற்றிக்கொண்டேன்.

ஆனால் அந்தச் சட்டைகள்! கல்யாணச் சட்டை போக ஐந்து வைத்திருந்தார். ஐந்தும் வெளுத்துப்போன பருத்தி, ஐந்தும் நாற்பத்து நான்கு. தெருமுனையில் அவர் திரும்பும்போது முதலில் சட்டை வரும், அப்புறம்தான் ஆள் வருவார். நாலு சட்டை கொண்டுபோய்ச் செக்கிங் மேசையில் போட்டால் நாலையும் திருப்பி வீசுகிறவளுடைய புருஷன் இப்படியா நடமாடுவது? "ஏங்க, உங்க சைஸ் என்னன்னாவது உங்களுக்குத் தெரியுமா?" என்று ஒருநாள் கேட்டேன். "இதான் நமக்குத் தோது" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். அவர் பேச்சு எப்போதும் அவ்வளவுதான்.

கல்யாணமாகி மூன்றாம் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கூட்டாளி வீட்டு நேர்த்திக்கடன் என்று அவர் இருக்கன்குடிக்குப் போனார். அவர் கிளம்பிய கையோடு அம்மா வீட்டுச் சீராக வந்த தையல் மெஷினைத் துடைத்து எண்ணெய் போட்டேன். போட்டுக்கொண்டு போனது போக வீட்டில் நாலு சட்டை இருந்தது. பக்கத் தையலைப் பிரித்தேன், தோளைக் குறைத்தேன், கைக்குழியை வெட்டி ஏற்றினேன். பிரித்த மடிப்புக்குள்ளிருந்து மினுமினுவென்று பட்டாசு மருந்தின் வெள்ளிப்பொடி கொட்டியது. இந்த ஊரில் யார் உடம்பில்தான் அந்தப் பொடி இல்லை, பேக்கிங்கில் ஒட்டியிருக்கும் என்று ஊதித் தள்ளிவிட்டேன். மிச்சத் துணியைக் கத்தரித்து அடுப்புத் துணியாக மடித்து வைத்தேன். சாயங்காலம் அவர் வந்ததும் போட்டிருந்ததையும் கழற்றச் சொல்லி அதையும் அளவு குறைத்துப் பிடித்து முடித்தேன்.

ஐந்து சட்டையும் கொடியில் வரிசையாகத் தொங்கின. அவர் நின்று பார்த்தார்.

"எல்லாத்தையுமா?" என்று கேட்டார்.

"எல்லாத்தையும்" என்றேன் பல்லெல்லாம் தெரிய.

ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றார். தோள் தையல் எலும்பில் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. அடுப்படியில் இருந்த துணித் துண்டுகளைத் திரும்பிப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு" என்றார். அவர் கையில் கொண்டுவந்த மாரியம்மன் திருநீற்றை என் நெற்றியில் பூசிவிட்டார். எனக்கு அன்றைக்கு உலகத்தையே ஜெயித்த மாதிரி இருந்தது.

திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் அந்தச் சட்டைகளில்தான் வேலைக்குப் போனார். வியாழக்கிழமை காலை குழாயடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு அக்கா குடத்தோடு வந்தார். என்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர், வீட்டிலேயே பட்டாசுக்கு அட்டைக்குழாய் ஒட்டுகிற வேலை.

"ஏ புள்ள, ஒங்க வீட்டுக்காரரு சட்டையெல்லாம் பிடிச்சுப்புட்டியாமே?"

"ஆமாக்கா, எப்புடி இருக்கு?" பாராட்டப் போகிறார் என்று குடத்தை நிமிர்த்திக்கொண்டு கேட்டேன்.

"எப்புடி இருக்கா? என்ன காரியம் பண்ணி வச்சிருக்க! மருந்து ரூம்புக்குப் போறவுகளுக்கு யாராச்சும் சட்டையப் பிடிச்சுக் குடுப்பாகளா?"

"மருந்து ரூம்பா? அவுக பேக்கிங்குல்ல இருக்காக."

அக்கா குடத்தைக் கீழே வைத்துவிட்டார். என் முகத்தைப் பார்த்ததும் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். "ஒங்கிட்டச் சொல்லலையா? எட்டு வருசமா அங்கனதான் வேல பாக்காக. பொறி பட்டுச்சுன்னா பட்டனக் கழட்டிக்கிட்டு நிக்க முடியுமா சொல்லு. தொளதொளன்னு இருந்தா ஒரே இழுப்புல உருவி எறிஞ்சுட்டு ஓடியாந்துரலாம். ஒடம்போட ஒட்டிக் கெடந்தா என்ன செய்ய? எங்க வீட்டுக்காரரு நெஞ்சப் பாத்திருக்கேல்ல?"

பார்த்திருக்கிறேன். கழுத்திலிருந்து வயிறு வரை சுருங்கிப்போன தோல்.

"அன்னைக்குப் புதுச்சட்ட. நாந்தான் பாத்துப் பாத்து அளவா எடுத்தேன்" என்றார் அக்கா.

குடத்தைக் குழாயடியிலேயே போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினேன். தையலைப் பிரித்துவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. பிரித்தால் மட்டும்? விடுவதற்கு உள்ளே துணி வேண்டாமா? அதைத்தான் கத்தரித்து அடுப்படியில் அடுக்கி வைத்திருக்கிறேனே! ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள், ஆத்திரக்காரிக்கும் அப்படித்தான். வெட்டிய துண்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு ஓவென்று அழுதேன். பின்னாலேயே வந்த அக்கா, தன் வீட்டுக்காரருடைய பெரிய சட்டை ஒன்றை என் கையில் திணித்தார். "அழுகுற நேரமா இது? மினிபஸ்ஸு வந்துரும், ஓடு" என்று விரட்டினார்.

மினிபஸ் ஆமை மாதிரி ஊர்ந்தது. பொட்டல் காட்டில் எங்கேயோ ஒரு கம்பெனியில் சாம்பிள் வெடி போட்டுப் பார்த்தார்கள். டமார் என்ற சத்தத்தில் நான் சீட்டை விட்டு எழுந்தே விட்டேன். பஸ்ஸில் வேறு ஒருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தினமும் கேட்கிற சத்தம்தானே. நான் மட்டும் இருக்கன்குடி அம்மனிடம் வேண்டிக்கொண்டே போனேன். தாயே, இந்த ஒரு காலைப்பொழுதை மட்டும் விட்டுக்கொடு, வேறு எதுவும் கேட்க மாட்டேன்.

கேட்டில் வாட்ச்மேன் மறித்தார். "தீப்பெட்டி கீப்பெட்டி ஏதும் வச்சிருக்கியா தாயி?"

"சட்டைதான் வச்சிருக்கேன்" என்று விரித்துக் காட்டினேன். யாரைப் பார்க்க வேண்டும் என்றும் சொன்னேன்.

"அவரு மருந்து ரூம்புலல்ல இருப்பாரு."

"தெரியும்" என்றேன். தெரிந்து ஒரு மணி நேரம்தான் ஆகியிருந்தது.

வேலிக்கு அந்தப் பக்கம், தள்ளித் தள்ளிக் கட்டிய சின்னச் சின்ன அறைகளுக்கு நடுவிலிருந்து ஒருவர் நடந்து வந்தார். தலைமுடி, புருவம், காது, கால் நகம் வரைக்கும் வெள்ளி. கண் இரண்டு மட்டும்தான் மனிதக் கண்ணாக இருந்தது. கோயில் உற்சவருக்கு வெள்ளிக் கவசம் சாத்தியது போல இருந்த அந்த ஆளை எனக்கு நடையை வைத்துத்தான் அடையாளம் தெரிந்தது. நான் பிடித்துக் கொடுத்த சட்டையை ஆறு பட்டனையும் போடாமல் திறந்து விட்டிருந்தார். நெஞ்சு முழுக்க மருந்துப் பொடி அப்பிக் கிடந்தது.

"என்ன, யாருக்கு என்னாச்சு?" என்று பதறிக்கொண்டு ஓடி வந்தார்.

"எனக்குத்தான் ஆச்சு!" என்று கத்தினேன். வாட்ச்மேன் இருக்கிறார் என்றெல்லாம் பார்க்கவில்லை. "வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தீக? சட்டைய வெட்டாத, இதுக்குத்தான் போடுதேன்னு ஒரு வார்த்த சொன்னா என்ன?"

அவர் கையிலிருந்த பொடியைத் தட்டிக்கொண்டே நின்றார். "சொன்னா மருந்து ரூம்புன்னு சொல்லணும்ல" என்றார். "முன்னாடியே சொல்லியிருந்தா ஒன்னத் தந்திருப்பாகளா?"

"தந்திருக்க மாட்டாக."

"அதான்."

"அதான்னா? அதுக்காக இதையும் மாட்டிக்கிட்டு உள்ள போவீகளா?"

"நீ ஆசையாத் தச்சது" என்றார்.

கையிலிருந்த அக்கா வீட்டுச் சட்டையை நீட்டினேன். அங்கேயே மாற்றிக்கொண்டார். தோள் தையல் முழங்கைக்கு இறங்கியது, காலர் ஒரு பக்கம் சரிந்தது, உடம்பு எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. என் கண்ணுக்கு அன்றைக்கு அதைவிட அழகான சட்டை இந்த உலகத்தில் இல்லை. "தாயி, போதும், நாங்க பாத்துக்கிடுதோம்" என்று வாட்ச்மேன் சிரித்துக்கொண்டே கேட்டைச் சாத்தினார்.

சாயங்காலம் அவர் குளித்து வந்து உட்கார்ந்ததும் கேட்டேன். "இந்த வேலைய விட்டுருங்களேன்." பேக்கிங்குக்கு மாற்றச் சொல்லிக் கல்யாணம் பேசிய நாளிலிருந்தே கேட்டுக்கொண்டிருப்பதாகச் சொன்னார். பதிலுக்கு ஒரு கைகாரன் கிடைக்கிற வரைக்கும் விட மாட்டார்கள் என்றார். மருந்து கலக்கத் தெரிந்தவன் தெருவுக்கு ஒருத்தனா கிடைப்பான்? சரி, கிடைக்கிற வரைக்கும் என்ன செய்வது என்று நான் யோசிக்கத் தொடங்கினேன். எனக்குத் தெரிந்தது சட்டை ஒன்றுதான்.

மெல்லிய பருத்தித் துணி எடுத்து வந்து நானே வெட்டினேன். தோள் முப்பத்தெட்டு அளவு, எலும்பின் முனையில் கச்சிதமாக. அதற்குக் கீழே உடம்பு நாற்பத்தாறு. கைக்குழி அகலம், அரைக்கை, கையும் வாய் திறந்து. போட்டால் லூஸ் சட்டை, கழற்றினால் வெறும் காற்று. பார்வைக்கும் மோசமில்லை. என்ன இருந்தாலும் என் மானமும் இருக்கிறதே.

பட்டனுக்கு வந்தபோதுதான் கை நின்றது. ஐந்து வருடம் நான் எதை எதைத் திருப்பி வீசினேனோ அதைத்தான் இப்போது செய்ய வேண்டியிருந்தது. ஒற்றை நூல், இரண்டே குத்து, முடிச்சு கிடையாது. தைத்து முடித்ததும் சட்டையை அவருக்குப் போட்டுவிட்டு, "இழுங்க" என்றேன். நடுவில் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தார். நாலு பட்டன் தெறித்துக் கட்டிலுக்கு அடியில் ஓடியது, இரண்டு நின்றுவிட்டது. "ம்ஹூம், ரெண்டு பாஸாகல" என்று கழற்றி வாங்கி மறுபடி தைத்தேன். ஆறும் தெறிக்கிற வரைக்கும் விடவில்லை. அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "பட்டன்பிடுங்கி, பட்டன்பிடுங்கி" என்றார். அந்தப் பேரை அவரிடம் யார் சொன்னதோ, இன்றுவரைக்கும் சொல்ல மாட்டேனென்கிறார்.

கூட வேலை பார்த்த இரண்டு மூன்று பேர் அதே மாதிரி கேட்டார்கள், தைத்துக் கொடுத்தேன். அம்மாவுக்கும் விஷயம் தெரிந்து, ஒரு வாரம் பேசாமல் இருந்து, அப்புறம் அவரே ஒரு பீஸ் துணி வாங்கி அனுப்பினார். தினமும் என் வீட்டுக்காரர் தெருமுனை திரும்பும்போது என் கண் முதலில் பட்டன்களுக்குத்தான் போகும். ஆறும் இருந்தால் அன்றைக்கு ஒன்றும் நடக்கவில்லை. உலையில் அரிசியைப் போட்டுவிடுவேன்.

இரண்டு தீபாவளி அப்படிப் போனது. மூன்றாவது சீசன் மும்முரத்தில் ஒருநாள் வாசலில் முறம் வைத்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். வழக்கமாக வருகிற நேரத்துக்கு முன்பாகவே தெருமுனையில் அவர் திரும்பினார். நான் நிமிர்ந்து பார்த்தேன். தோள் தையல் எலும்பில் நின்றது. நெஞ்சில் ஒரு சுருக்கம் இல்லை. விலாப்பக்கம் ஒரு பிடி துணி, அதற்கு மேல் ஒரு நூல் இல்லை. செக்கிங் மேசையில் வைத்தால் கண்ணை மூடிக்கொண்டு பெட்டிக்குள் போடலாம். அவ்வளவு அளவான சட்டை.

முறம் என் கையிலிருந்து விழுந்துவிட்டது. அது நான் தைத்த சட்டை இல்லை.

ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். இடது முழங்கைக்குக் கீழே ஆஸ்பத்திரிக் கட்டு. "யாரு சட்டை இது? யாரு சட்டைங்க?" என்று அதையே திரும்பத் திரும்பக் கேட்டேன்.

"கூட இருக்கறவன் குடுத்தான். வேற யாருக்கும் ஒண்ணுமில்ல. சின்னப் பொறிதான்" என்றார். உதடு காய்ந்து போயிருந்தது. "சட்டைல பிடிச்சிருச்சு. ஒரே இழுப்பு."

"ஆறுமா?"

"ஆறும்" என்றார். "ஒண்ணுகூட நிக்கல, புள்ள."

வீட்டுக்குள் கூட்டிவந்து நாற்காலியில் உட்கார வைத்தேன். அவர் முகத்தைப் பார்த்தால் அழுகை வந்துவிடும் என்று குனிந்து அந்தச் சட்டையைக் கழற்றத் தொடங்கினேன். யாரோ அக்கறையாகத் தைத்த பட்டன்கள். நாலு துளையிலும் நூல் ஓடி, இறுக்கமாக முடிச்சுப் போட்டு, அசைக்க முடியாமல் இருந்தன. ஆறையும் ஒவ்வொன்றாகக் கழற்றி முடிக்க எனக்கு வெகுநேரம் ஆனது.